ஆட் பிளாக்கர் நல்ல படத்தையும் ஏன் மறைத்துவிடுகிறது?

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்காக ஒரு சின்ன இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். யாகசாலை நேரம், அன்னதானம் நடக்கும் இடம், பஸ் வழி, கடைசியில் உபயதாரர்கள் படம், அவ்வளவுதான். தளம் வெளியான மறுநாள் இரவு சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவர் வருத்தமாகப் பேசினார். "அண்ணே, கோபுர வர்ணத்துக்கு அப்பா பேர்லதான் கொடுத்தோம். உபயதாரர் பகுதியே காணோமே, எடுத்துட்டீங்களா?" என்றார்.

நான் உடனே என் போனில் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. அவர் அப்பா வேட்டி சட்டையில், நெற்றி நிறைய விபூதியுடன், இரண்டாவது வரிசையில் இருந்தார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அவரும் அவருடைய ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். அதில் அன்னதானம் பற்றிய பத்தி முடிந்ததும் நேராகத் தொடர்பு எண் வந்துவிட்டது. நடுவில் வெற்றிடம்கூட இல்லை, அப்படி ஒரு பகுதியை நான் எழுதவே இல்லை என்பது போல இருந்தது. கேஷை அழிக்கச் சொன்னேன், போனை அணைத்துப் போடச் சொன்னேன், செர்வரில் படங்களை மறுபடி ஏற்றினேன், இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான், "அவர் ஆட் பிளாக்கர் ஏதாவது வெச்சிருக்காரான்னு கேட்டீங்களா?" என்றாள். வைத்திருந்தார். அணைத்ததும் அப்பா வந்துவிட்டார்.

விளம்பரத்தைத் தடுக்கும் கருவி ஒரு கோயில் உபயதாரரை ஏன் தடுக்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள பெரிய கணினி அறிவு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும்: ஆட் பிளாக்கர் படத்தைப் பார்ப்பதே இல்லை. படத்தின் முகவரியையும், அந்தப் படம் இருக்கும் பெட்டியின் பெயரையும்தான் படிக்கிறது.

சரி, அது எப்படி என்று பார்ப்போம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது படங்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. முதலில் வருவது வெறும் எழுத்து. அதற்குள் "இந்த இடத்தில் ஒரு படம் வரும், அது இந்த முகவரியில் இருக்கிறது" என்று குறிப்பு மட்டும் இருக்கும். பிரவுசர் அந்தக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் செர்வரிடம் கேட்டு வாங்குகிறது. ஒரு செய்தித்தளத்தின் முதல் பக்கம் என்றால் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் ஓரிரு வினாடிகளில் போய்விடும். ஆட் பிளாக்கர் உட்கார்ந்திருப்பது அந்த வாசலில்தான். கேள்வி வெளியே போவதற்கு முன்பே முகவரியைப் பார்த்து, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் அங்கேயே நிறுத்திவிடும். படம் உங்கள் போனுக்கு வந்து சேர்வதே இல்லை. வராத படத்தில் இருப்பது சோப்பு விளம்பரமா, சிங்கப்பூர்த் தம்பியின் அப்பாவா என்று அதற்கு எப்படித் தெரியும்? தபாலைப் பிரிக்காமல் உறைமேல் எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது போலத்தான் இது.

படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாங்கிவிட்டால் டேட்டா செலவாகிவிடும், பக்கமும் மெதுவாகும். அதைவிட முக்கியமாக, யார் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்ற தகவல் விளம்பர நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும், ஏனென்றால் அந்தக் கேள்வி போவதே அவர்களுக்கு ஒரு தகவல்தான். இதையெல்லாம் தவிர்க்கத்தானே ஆட் பிளாக்கரே. அதனால் முகவரியை வைத்துத் தீர்மானிப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அதுதான் சரியான இடம். ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் சில நல்ல படங்களும் விளம்பரம் மாதிரிதான் தெரியும்.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் கருவிதான் தானாக யோசித்துத் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2002-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் ஓஸ்தெட் சோரன்சன் ஆட்பிளாக் என்ற முதல் நீட்சியை, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன மென்பொருளை, எழுதினார். ஃபயர்ஃபாக்ஸுக்கு அப்போது ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர்கூட வைக்கவில்லை. 2006-இல் விளாடிமிர் பாலண்ட் அதை முழுதாகத் திருத்தி எழுதி ஆட்பிளாக் பிளஸ் என்று வெளியிட்டார். 2014-இல் ரேமண்ட் ஹில் யூபிளாக்கை வெளியிட்டார், இன்று பலர் வைத்திருக்கும் யூபிளாக் ஆரிஜின் அதன் தொடர்ச்சி. இவர்கள் எல்லாம் எழுதியது கருவியை. எதைத் தடுக்க வேண்டும் என்ற பட்டியல் வேறு ஆட்கள் எழுதுவது. அதில் மிகப் பரவலானது ஈஸிலிஸ்ட். 2005-இல் ரிக் பெட்னல் என்பவர் தொடங்கியது, 2009-இல் அவர் மறைந்த பிறகு மற்றவர்கள் கையில் எடுத்து இன்றுவரை நடத்துகிறார்கள். பல பத்தாயிரம் வரிகள், ஒவ்வொரு வரியும் ஒரு விதி. உலகத்தில் எந்த மூலையில் யார் எந்தத் தளம் செய்தாலும் அதற்கும் சேர்த்து இந்த விதிகள்தான் பொருந்தும். ஒரு சிலர் எழுதும் பட்டியல் அத்தனை கோடிப் பக்கங்களில் இவ்வளவு குறைவாகத் தவறுகிறதே என்பதில் எனக்கு இன்னமும் வியப்புதான்.

விதி எப்படி இருக்கும்? மிக எளிமையானது, ஒரு முழுச் செர்வரையே தடுப்பது. இரண்டு நேர்க்கோடு போட்டு, || என்று தொடங்கி, பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் தளப்பெயரை எழுதினால் அங்கிருந்து எதுவுமே வராது. கூகுளுக்குச் சொந்தமான டபுள்கிளிக் செர்வர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. இதில் தவறு வர வாய்ப்புக் குறைவு, ஏனென்றால் அந்தச் செர்வருக்கு விளம்பரத்தைத் தவிர வேறு வேலை இல்லை.

சிக்கல் அடுத்த வகையில்தான். ஒரு செய்தித்தளம் தன் விளம்பரப் படங்களைத் தன் சொந்தச் செர்வரிலேயே வைத்திருந்தால் என்ன செய்வது? செர்வரையே தடுத்தால் செய்திப் படங்களும் போய்விடும். அதனால் முகவரிக்குள் இருக்கும் சொல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விளம்பரத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆட்' என்று சுருக்கிச் சொல்வோம், எழுதினால் ஏ, டி என்று இரண்டே எழுத்து. ஆனால் இந்த இரண்டு எழுத்து எங்கே கண்டாலும் தடு என்று விதி எழுதினால் நிலைமை என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். மதுரையை ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏ, டி. மெட்ராஸும் அப்படியே. தமிழ்நாடு என்று எழுதினால் கடைசி நான்கு எழுத்துக்குள் அந்த ஜோடி உட்கார்ந்திருக்கிறது. அப்லோடு, டவுன்லோடு என்ற சொற்களிலும் உண்டு, பெரும்பாலான தளங்களில் படங்கள் இருப்பதே அப்லோடு ஃபோல்டரில்தான்! பட்டியல் எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் அந்தச் சொல்லின் இரண்டு பக்கமும் சாய்கோடு போட்டு வேலி கட்டிவிடுவார்கள். /ஆட்/ என்று, அதாவது முகவரியில் ஒரு ஃபோல்டரின் முழுப் பெயரே 'ஆட்' என்று இருந்தால் மட்டும் தடு, சொல்லின் நடுவில் வந்தால் விட்டுவிடு. மதுரையும் தமிழ்நாடும் தப்பித்துவிட்டன.

நியாயமான விதியாகத்தான் தெரிகிறது, இல்லையா? 'ஆட்' என்று ஒரு ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தால் அதற்குள் விளம்பரம் இல்லாமல் வேறு என்ன இருக்கப்போகிறது?

விக்கிப்பீடியா படம் இருக்கலாம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இந்த முழு விஷயத்திலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் காட்டும் படங்களில் பெரும்பாலானவை விக்கிமீடியா காமன்ஸ் என்ற ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. இன்று அங்கே 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள். இத்தனையையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் தேடி எடுப்பதற்குள் செர்வர் திணறிவிடும். பிரித்து வைக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது? பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பிரித்தால் சில ஃபோல்டர்கள் வழியும், சில காலியாகக் கிடக்கும், ஏனென்றால் உலகத்தில் எஸ் எழுத்தில் தொடங்கும் பெயர்கள் எக்ஸில் தொடங்குவதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதனால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. கோப்பின் பெயரை எம்டி5 என்ற கணக்கு ஒன்றில் போடுகிறது. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் உருவாக்கிய கணக்கு அது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் 32 எழுத்து நீளமுள்ள ஒரு சரத்தைத் திருப்பித் தரும். அந்தச் சரத்தில் 0 முதல் 9 வரை உள்ள எண்களும், ஏ முதல் எஃப் வரை உள்ள ஆறு ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும், மொத்தம் 16 குறிகள். பெயரில் ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். பார்ப்பதற்கு அள்ளித் தெளித்தது மாதிரி இருக்கும், ஆனால் அதே பெயருக்கு எத்தனை முறை போட்டாலும் அதே சரம்தான்.

அந்தச் சரத்தின் முதல் குறி ஒரு ஃபோல்டர். முதல் இரண்டு குறிகள் சேர்ந்தது அதற்குள் இன்னொரு ஃபோல்டர். சரம் 7, 3 என்று தொடங்கினால் படம் போகும் இடம் /7/73/. சரம் ஏ, டி என்று தொடங்கினால்? படம் போகும் இடம் முதலில் 'ஏ' என்ற ஃபோல்டர், அதற்குள் 'ஏடி' என்ற ஃபோல்டர். முகவரியில் அது /ஆட்/ என்ற விதிக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

யாரும் விளம்பரம் என்று பெயர் வைக்கவில்லை. மனிதர் யாரும் பெயரே வைக்கவில்லை, கணக்கு போட்டதில் அந்த இரண்டு எழுத்து விழுந்திருக்கிறது. 16-ஐ 16-ஆல் பெருக்கினால் 256 ஃபோல்டர்கள், கணக்கு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய சமமாகப் பங்கு போடும், ஆக 256-இல் ஒரு படம் இந்த ஃபோல்டரில் விழும். கேட்டால் சின்னதாகத் தெரியும். 10 கோடியை 256-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 3,90,000 படங்கள். அதில் ஏதோ ஒரு ஊரின் கோயில் குளம் இருக்கலாம், ஒரு பறவை இருக்கலாம், யாரோ நாள் முழுக்கக் காத்திருந்து எடுத்த வரையாடு இருக்கலாம். விக்கிமீடியாவில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன பழைய சிக்கல். ஆனால் படிப்பவருக்குத் தெரியாது. ஒரு கட்டுரையில் பத்துப் படம் இருந்து ஒன்று மட்டும் வராவிட்டால், யாரோ சரியாக ஏற்றவில்லை போல என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

இதற்குப் பட்டியலிலேயே ஒரு வழி இருக்கிறது. @@ என்று இரண்டு குறி போட்டுத் தொடங்கும் விதி விலக்கு விதி. "மற்ற விதி என்ன சொன்னாலும் இந்த முகவரியை விட்டுவிடு" என்று பொருள். விக்கிமீடியாவின் படச் செர்வர் பெயரைப் போட்டு இப்படி ஒரு வரி எழுதிவிட்டால் அந்த மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களும் ஒரே அடியில் திரும்பிவிடும். பெரிய தளம் என்றால் யாராவது முறையிடுவார்கள், விலக்கு வந்துவிடும். எனக்குக் கவலையாக இருப்பது மற்றவர்களை நினைத்துத்தான். மீடியாவிக்கி இலவச மென்பொருள், உலகம் முழுக்க எத்தனையோ சிறு குழுக்கள் அதை வைத்துத் தங்கள் கலைக்களஞ்சியத்தை நடத்துகின்றன, அங்கேயும் இதே கணக்கு, இதே ஃபோல்டர். அவர்கள் பெயர் எந்த விலக்குப் பட்டியலிலும் இருக்காது. நீங்கள் அப்படி ஒரு விக்கி நடத்துபவராக இருந்தால், ஒரு படம் மட்டும் சிலருக்கு வரவில்லை என்று புகார் வந்தால், முதலில் அந்தப் படத்தின் முகவரியைப் பாருங்கள். ஏடி ஃபோல்டரில் இருந்தால் கோப்பின் பெயரை லேசாக மாற்றினால் போதும், ஓர் எழுத்து சேர்த்தாலே கணக்கு மாறி அநேகமாக வேறு ஃபோல்டருக்குப் போய்விடும்.

அடுத்தது அளவு. இணையத்தில் பேனர் விளம்பரம் என்று பரவலாக அறியப்பட்டவற்றில் முதலாவது 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் வந்த, ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம். அதன் பிறகு விளம்பரத் தொழில் சில அளவுகளை நிலையாக வைத்துக்கொண்டது: 468×60, 728×90, 300×250, 160×600 என்று, பிக்சல் கணக்கில் அகலமும் உயரமும். விளம்பரம் செய்து கொடுப்பவர்கள் கோப்பின் பெயரிலேயே அளவையும் எழுதி அனுப்புவது வழக்கம், இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஓர் எக்ஸ். பட்டியல் எழுதுபவர்கள் இதைக் கவனித்தார்கள், பெயரில் இந்த அளவு இருந்தால் தடு என்று விதிகள் வந்தன. நல்ல யோசனைதான்.

இப்போது, பலர் தளம் செய்யப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு வாருங்கள். நீங்கள் அதில் ஒரு படத்தை ஏற்றினால் அது தானாகவே சின்னச் சின்னப் பிரதிகள் எடுத்துவைத்துக்கொள்ளும், ஒவ்வொன்றின் பெயரின் கடைசியிலும் அதன் அளவை எழுதிவிடும். நடுத்தர அளவுக்கு இயல்பாக உள்ள எல்லை 300×300. படத்தின் வடிவம் கெடாமல் அந்த எல்லைக்குள் சுருக்கும். உங்கள் படம் 1200-க்கு 1000 என்று இருந்தால் என்ன ஆகும்? நான்கில் ஒன்றாகச் சுருங்கி 300-க்கு 250 ஆகும். நீங்கள் 'பொங்கல் கோலம்' என்று பெயரிட்டு ஏற்றிய படத்தின் பிரதிக்கு இப்போது 'பொங்கல் கோலம் 300×250' என்று பெயர். வாசலில் அரிசி மாவில் போட்ட கோலம், விளம்பர அளவுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த அளவைத் தடுக்கும் விதி வாசகரின் பட்டியலில் இருந்தால் கோலம் வராது. இதே படத்தைக் கொஞ்சம் வெட்டி 1200-க்கு 980 என்று ஏற்றியிருந்தால் பிரதி 300×245 ஆகியிருக்கும், எந்தச் சிக்கலும் இல்லை. பத்துப் படத்தில் ஒன்று மட்டும் காணாமல் போவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இதுவரை சொன்னது எல்லாம் படத்தை வரவிடாமல் நிறுத்துவது. எங்கள் கோயில் தளத்தில் நடந்தது வேறு. அங்கே படங்கள் வந்தன, ஆனால் காட்டப்படவில்லை. ஆட் பிளாக்கருக்கு இன்னொரு வேலை உண்டு. விளம்பரத்தை நிறுத்திய பிறகு அது இருந்த பெட்டி மட்டும் வெறுமையாக நின்றால் பக்கம் பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால் பெட்டியையும் மறைத்துவிடும். ## என்று தொடங்கும் விதிகள் இதற்கானவை. பக்கத்தை எழுதுபவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் வைப்பார், அதைக் கிளாஸ் என்பார்கள், பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பெட்டியின் பெயர் இன்னதாக இருந்தால் பக்கத்திலிருந்து மறை என்பது விதி.

உபயதாரர் பகுதிக்கு நான் வைத்திருந்த பெயர் 'ஸ்பான்சர்ஸ்'. அதைத்தானே ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வோம்? ஆனால் இணையத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. காசு கொடுத்துப் போட்ட செய்தி, காசு கொடுத்துப் போட்ட இணைப்பு, எல்லாவற்றுக்கும் 'ஸ்பான்சர்டு' என்றுதான் பெயர். கோபுரத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தவரும், செருப்பு விற்பவரும் பெட்டியின் பெயர் அளவில் ஒன்றாகிவிட்டார்கள். பேனர் என்ற சொல்லும் இப்படித்தான். தளத்தின் மேலே வரும் பெரிய படத்தை வடிவமைப்பவர்கள் பேனர் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்கள், கோப்புக்கும் அதே பெயரை வைக்கிறார்கள், ஒரு பள்ளியின் ஆண்டுவிழாப் படமாக இருந்தாலும் சரி. பிரமோ என்பதும் ஆபத்தான பெயர்தான்.

நிறுத்தப்பட்டதற்கும் மறைக்கப்பட்டதற்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லது. நிறுத்தப்பட்ட படத்தின் இடத்தில் சில சமயம் உடைந்த படக் குறியோ, படத்துக்கு எழுதிய மாற்று உரையோ நிற்கும், சில கருவிகள் அந்த இடத்தையும் சுருக்கிவிடும். மறைக்கப்பட்டதில் ஒரு சுவடும் இருக்காது. அதனால்தான் அந்தத் தம்பி, படம் வரவில்லை என்று சொல்லாமல், எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் திரையில் இருந்ததைத்தான் அவர் சொன்னார்.

பிரவுசருக்கு வெளியே நடக்கும் தடுப்பு ஒன்றும் உண்டு. தளத்தின் பெயரைச் செர்வரின் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர், தடுப்பு நடப்பது அங்கே. வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் பை-ஹோல் என்ற தடுப்பு மென்பொருளைப் போட்டு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஆண்ட்ராய்டு 9-இலிருந்து போனிலேயே பிரைவேட் டிஎன்எஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் விளம்பரத்தை வடிகட்டும் ஒரு சேவையின் பெயரைப் போட்டு விடுகிறார்கள். இவை இன்னும் முரட்டுத்தனமானவை, ஏனென்றால் இவற்றுக்கு முகவரி முழுவதும் தெரியாது, செர்வரின் பெயர் மட்டுமே தெரியும். ஒரே செர்வரிலிருந்து விளம்பரமும் கடைப் பொருள்களின் படமும் வந்தால், ஒன்று இரண்டும் வரும், இல்லாவிட்டால் இரண்டும் வராது.

சரி, ஒரு தளத்தில் படம் வரவில்லை, காரணம் இதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் அதே பக்கத்தைப் பிரைவேட் ஜன்னலில் திறந்து பாருங்கள். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் நீட்சிகள் அங்கே இயல்பாக ஓடாது, நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தால் ஒழிய. அங்கே படம் வந்தால் ஏதோ ஒரு நீட்சிதான் காரணம். பிரேவ் பிரவுசருக்கு இது பொருந்தாது, அதன் தடுப்பு பிரவுசருக்குள்ளேயே இருப்பது, அங்கே முகவரிப் பட்டையில் உள்ள சிங்கத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பார்க்க வேண்டும். டிஎன்எஸ் தடுப்பும் பிரைவேட் ஜன்னலுக்கு மசியாது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் படம் வருகிறது என்றால் வீட்டு டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம்.

கணினி என்றால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் பகுதிக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். குரோம் வகைப் பிரவுசர்களில் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிவப்பு வரி வரும், அதன் கடைசியில் 'பிளாக்டு பை கிளையன்ட்' என்று இருக்கும். கிளையன்ட் என்றால் இங்கே உங்கள் பிரவுசர்தான், செர்வர் அல்ல. ஆக, படம் அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறது, இந்தப் பக்கம்தான் நிறுத்தியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும். யூபிளாக் ஆரிஜினில் லாகர் என்று ஒரு பகுதி உண்டு, அதில் எந்த முகவரியை எந்தப் பட்டியலில் உள்ள எந்த விதி தடுத்தது என்பதே வரிவரியாக வரும். முதல் முறை அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு வேறு ஒரு உலகமே தெரிந்தது.

கண்டுபிடித்த பிறகு பலர் செய்வது, ஆட் பிளாக்கரையே தூக்கிவிடுவது. வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தேடல் முடிவுகளில் வங்கி மாதிரியும் மென்பொருள் நிறுவனம் மாதிரியும் போலி விளம்பரம் போட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்று எச்சரித்து, தேடும்போது ஆட் பிளாக்கர் வைத்துக்கொள்ளுங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே மக்களுக்குச் சொன்னது. ஒரு கோலம் வரவில்லை என்பதற்காகக் கதவையே கழற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அணைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், முடிந்தால் புகாரும் செய்யுங்கள். ஈஸிலிஸ்ட்டுக்கு, மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில் இதற்கென்றே இடம் இருக்கிறது, யூபிளாக் ஆரிஜினுக்குள்ளேயே இந்தத் தளத்தில் கோளாறு என்று தெரிவிக்கும் பொத்தான் இருக்கிறது. பக்கத்தின் முகவரி, எந்தப் படம், முடிந்தால் எந்த விதி, இவ்வளவு போதும். பட்டியலில் ஒரு வரி திருத்தினால் அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் சரியாகும். உடனே ஆகாது. ஈஸிலிஸ்ட் நான்கு நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளும்படி குறிக்கப்பட்டது. குரோமின் புதிய விதிமுறைக்கு ஏற்ப வந்த யூபிளாக் ஆரிஜின் லைட் போன்றவற்றில் பட்டியல் நீட்சியோடு சேர்ந்தே வருவதால், நீட்சியின் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தளம் செய்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, பெயர் வைக்கும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள் என்பதுதான். ஆட், பேனர், ஸ்பான்சர், பிரமோ இவற்றைக் கோப்புக்கோ ஃபோல்டருக்கோ பெட்டிக்கோ வைக்காதீர்கள், விளம்பர அளவு எண்களும் பெயரில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் என்ன இருக்கிறதோ அதையே பெயராக வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. தேர்த்திருவிழாப் படத்துக்குத் தேர் என்றே பெயர் வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள், கண் தெரியாதவர்களுக்கு அது எப்படியும் தேவை. வெளியிடுவதற்கு முன் ஆட் பிளாக்கர் போட்ட பிரவுசர் ஒன்றில் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் அந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால்தான் ஒரு பிள்ளை தன் அப்பா பெயரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு மணி நேரம் நினைத்திருப்பார்.

அன்றிரவே பெட்டியின் பெயரை மாற்றினேன். ஆங்கில எழுத்தில் 'உபயம்' என்று எழுதி, ஸ்டைல் கோப்பிலும் அதே பெயரைப் போட்டு, படங்கள் இருந்த ஃபோல்டரின் பெயரையும் அப்படியே மாற்றி, செர்வரில் ஏற்றினேன். மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஆட் பிளாக்கரை மறுபடி போட்டுவிட்டுத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கே அப்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை, அப்புறம் ஸ்கிரீன்ஷாட் வந்தது, இரண்டாவது வரிசை மட்டும் பெரிதாக்கி எடுத்தது. அதற்குக் கீழே, "அம்மாவுக்கு அனுப்பிட்டேன் அண்ணே" என்று எழுதியிருந்தார்.